எல்லை ஊரில் ஆட்சித் தமிழ்: தெளிவும் மரியாதையும் குறித்துச் சில திறனாய்வுக் குறிப்புகள்

ஓசூரைக் கடந்து பெங்களூரு நோக்கிச் செல்லும் தேசிய நெடுஞ்சாலையில் தமிழகத்தின் இறுதி ஊர் ஜூஜுவாடி. எதிரே கர்நாடகத்தின் அத்திப்பள்ளி. முன்பு தனி ஊராட்சியாக இருந்த இவ்வூர் பின்னர் ஓசூர் நகராட்சியுடன் இணைக்கப்பட்டு, 2019இல் ஓசூர் மாநகராட்சியானபோது அதன் ஒரு பகுதியாயிற்று. 2004 பிப்ரவரியில் தருமபுரியிலிருந்து பிரிக்கப்பட்ட கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கு வாசல் என இதனைக் கூறலாம். சரக்குந்து ஓட்டுநர்கள் இந்தியாவெங்கும் அறிந்த பெயர் இது. 2017 ஜூலையில் சரக்கு மற்றும் சேவை வரி நடைமுறைக்கு வரும்வரை வணிகவரிச் சோதனைச் சாவடியில் அவர்கள் மணிக்கணக்கில் காத்துக் கிடந்த இடம் இது என்பதே அதற்குக் காரணம்.

இந்த எல்லையில் மாநிலங்கள் மாறுகின்றன. மொழிகள் அப்படி மாறுவதில்லை. ஓசூர் என்ற பெயரே ‘புதிய ஊர்’ எனப் பொருள்படும் கன்னடப் பெயர். வீட்டில் தெலுங்கு பேசுவோர், கன்னடம் பேசுவோர், தக்கனி உருது பேசும் முஸ்லிம்கள், தமிழர் ஆகியோர் இங்குத் தலைமுறைகளாக அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். சிப்காட் தொழிற்பேட்டை உருவான பின்னர் ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட், அசாம் ஆகிய மாநிலங்களின் தொழிலாளரும் வந்து சேர்ந்துள்ளனர். 2024 ஜூனில் கிருஷ்ணகிரித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் கே. கோபிநாத் மக்களவையில் தெலுங்கில் உறுதிமொழி ஏற்றுத் தமிழில் நன்றி கூறி முடித்தது சென்னையிலுள்ளோர்க்கு வியப்பாக இருந்திருக்கலாம். ஓசூர் மக்களுக்கு அதில் வியக்க ஒன்றுமில்லை.

இத்தகைய ஊரில் அரசு தன் குடிமக்களிடம் எவ்வாறு பேசுகிறது? அதன் படிவங்களும் அறிவிப்புகளும் ஆணைகளும் யாரை மனத்திற்கொண்டு எழுதப்படுகின்றன? இவ்வினாக்களை எழுப்பியவுடன் நம்மிடையே ‘தமிழா, ஆங்கிலமா?’ என்ற பழைய வழக்கு எடுத்துக்கொள்ளப்படும். அவ்வழக்கு பெருமளவு தீர்ந்துவிட்டது. 1956இல் இயற்றப்பட்ட ஆட்சிமொழிச் சட்டம் ஒரு மக்களாட்சிச் செயல் என்பதில் ஐயமில்லை. உழவனுக்கு அவனது நிலத்தைப் பற்றி ஆங்கிலத்தில் கடிதம் எழுதிய அரசைத் தமிழில் எழுதச் செய்த இயக்கம் அது. ஆயினும், எழுதப்படும் தமிழ் எத்தகையது என்ற வினா அச்சட்டத்தோடு முடியவில்லை, அங்கிருந்துதான் தொடங்குகிறது.

இஸ்லாமிய வரலாற்றில் இதற்கு ஒரு முன்னிகழ்வு உண்டு. உமையாக் கலீஃபா அப்துல் மலிக் பின் மர்வான் காலத்தில் (ஆட்சி: 685–705) நிதிப் பதிவேடுகள் சிரியாவில் கிரேக்க மொழியிலிருந்தும், இராக்கில் பாரசீக மொழியிலிருந்தும் அரபிக்கு மாற்றப்பட்டன. இராக்கின் ஆளுநர் ஹஜ்ஜாஜ் இப்பணியை ஸாலிஹ் பின் அப்துர் ரஹ்மான் என்ற எழுத்தரிடம் ஒப்படைத்தார். வரலாற்றாசிரியர் பலாதுரீ தரும் செய்தியின்படி, பாரசீகக் கணக்கர் மரபைச் சேர்ந்த ஒருவர் ஸாலிஹை மடக்க முயன்றார். பின்னங்களைக் குறிக்கும் எங்கள் கலைச்சொற்களுக்கு அரபியில் என்ன எழுதுவாய் என்பது அவரது வினா. ஸாலிஹ் தயங்கவில்லை. பத்தில் ஒன்று, அதில் பாதி என்று சந்தையில் எவரும் பேசும் அரபிச் சொற்களையே சொன்னார். இயலாது என்று கூறிவிட்டால் ஒரு இலட்சம் திர்ஹம் தருவதாகக் கணக்கர்கள் பேரம் பேசியதாகவும் அச்செய்தி கூறுகிறது. மக்களுக்கு விளங்காத மொழி சிலருக்குப் பிழைப்பாகும் என்பதற்கு இதைவிடப் பழைய சான்று தேடவேண்டியதில்லை. ஆனால் நாம் கருத்திற்கொள்ள வேண்டியது ஸாலிஹின் விடையை. அவர் புதுச்சொல் படைக்கவில்லை. வழக்கிலிருந்த சொல்லை ஏட்டில் ஏற்றினார்.

நம் ஆட்சித் தமிழ் பல இடங்களில் இதற்கு நேர்மாறான வழியில் சென்றது. வழக்கிலிருந்த சொல்லை ஏட்டிலிருந்து இறக்கியது. தாசில்தார் வட்டாட்சியர் ஆனார். ஜமாபந்தி வருவாய்த் தீர்வாயம் ஆயிற்று. ஜாமீன் பிணையாகவும், பாக்கி நிலுவையாகவும், ரசீது பற்றுச்சீட்டாகவும், தாலுகா வட்டமாகவும் மாறின. இச்சொற்களுள் சில நன்கு வேரூன்றியுள்ளன. நகராட்சி, ஆணையர் போன்றவற்றை இன்று யாரும் செயற்கையென உணர்வதில்லை. வேறு சில ஆணைகளில் மட்டுமே வாழ்கின்றன. ஆண்டுதோறும் தீர்வாயம் எனச் சுவரொட்டி ஒட்டப்படுகிறது. மக்கள் ஜமாபந்திக்குத்தான் போகிறார்கள். அங்கு ஏடுகளில் எழுதப்படும் ஆண்டோ இன்னும் பசலி ஆண்டு. முகலாயர் காலத்து அறுவடைக் கணக்கில் பிறந்து, ஜூலை முதல் நாளில் தொடங்கும் அந்த ஆண்டை எந்தத் தூய்மையாளரும் அசைக்கவில்லை என்பது சுவையான முரண்.

இந்த இடத்தில்தான் ஜூஜுவாடி நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. வசூல், பாக்கி, ரத்து, நகல், அசல், ஜப்தி, ஜாமீன், ரசீது, ஜில்லா, தாலுகா, வாரிசு ஆகிய சொற்களை வரிசையாகச் சொல்லிப் பாருங்கள். இவை அரபியிலிருந்தும் பாரசீகத்திலிருந்தும் தக்காண சுல்தானியங்கள், மைசூர் அரசு, ஆற்காடு நவாபு ஆகியோரின் நிர்வாகங்கள் வழியாகத் தென்னக மொழிகளுக்குள் வந்தவை. கன்னடத்தில் வசூலி, பாக்கி, ரத்து, நகலு, ஜப்தி, ஜாமீனு, ரசீதி. தெலுங்கிலும் ஈற்றொலி சிறிது திரிந்து இவையே. உருது பேசுவோருக்கு இவை வீட்டுச் சொற்கள். அதாவது ஓசூர் வட்டத்தின் நான்கு மொழியினருக்கும் பொதுவாக விளங்கக்கூடிய ஒரு சொற்கூட்டம் ஏற்கெனவே உள்ளது. அது அரசு அலுவலகச் சொற்கூட்டம் என்பதே அதன் சிறப்பு. பாராமகால் 1792இலும் ஓசூர்ப் பகுதி 1799இலும் திப்பு சுல்தானின் ஆட்சியிலிருந்து ஆங்கிலேயர் கைக்கு மாறியபோது, அலெக்சாண்டர் ரீடும் தாமஸ் மன்றோவும் நிலவரி ஏற்பாட்டைச் செய்தனர். அப்போது அவர்கள் கைக்கொண்டதும் இச்சொற்களையே. அந்த ஏற்பாட்டின் பெயரான ரயத்துவாரி என்பதிலுள்ள ரயத்து, குடிகளைக் குறிக்கும் அரபிச் சொல்தான்.

இவை அரபி மூலத்தவை, ஆகவே நம்முடையவை, ஆகவே காக்கப்பட வேண்டியவை என்பது என் வாதமன்று. அது மொழித் தூய்மைவாதத்தின் மறுபக்கம். எந்தச் சொல் அதிகம் பேருக்கு விளங்குமோ அதனை அரசு ஆளவேண்டும் என்பதே வாதம். தூய்மை வேறு, தெளிவு வேறு. பிணை என்ற சொல் மதுரையில் தெளிவாகவும் அழகாகவும் இருக்கலாம். ஜூஜுவாடியில் தெலுங்கு பேசும் ஒருவரிடம் மகனுக்குப் பிணை கிடைத்தது எனும் செய்தியைவிட ஜாமீன் கிடைத்தது எனும் செய்தியே விரைந்து சென்று சேரும். இரண்டையும் அடுத்தடுத்து எழுதுவதால் தமிழுக்கு என்ன இழப்பு? வாரிசுச் சான்றிதழ் என்ற பெயரை அரசே இன்றும் மாற்றவில்லை. அதனால் தமிழ் தேய்ந்துவிடவுமில்லை.

சட்டம் இதனை அறியாததன்று. மொழிச் சிறுபான்மையினருக்கான பாதுகாப்புகள் குறித்து 1956இல் நடுவணரசு வெளியிட்ட குறிப்பாணை, ஒரு பகுதியின் மக்கள்தொகையில் 15 முதல் 20 விழுக்காட்டினர் வேறு மொழி பேசினால் முக்கிய அறிவிப்புகளும் விதிகளும் வாக்காளர் பட்டியலும் அம்மொழியிலும் வெளியிடப்பட வேண்டும் என்கிறது. குறை தீர்க்கக் கோரும் மனுவை ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் அளிக்கலாம் என்பது அரசமைப்பின் 350ஆம் உறுப்பு. இதனினும் நுட்பமானது 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம். மனு எழுதுவது பற்றிக் கூறும் பிரிவில் அப்பகுதியின் ‘அலுவல் மொழி’ என்று சொல்லும் அச்சட்டம், அரசு தானாக முன்வந்து தகவல்களைப் பரப்புவது பற்றிய 4ஆம் பிரிவில் ‘உள்ளூர் மொழி’ என்கிறது. இரண்டும் ஒன்றாக இல்லாத ஊர்கள் உண்டு என்பதைச் சட்டம் எழுதியவர்கள் அறிந்தோ அறியாமலோ ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். ஓசூர் அத்தகைய ஊர்.

சொல்லைவிட வாக்கியம் பெரிய இடையூறு. ஆட்சித் தமிழின் தனி அடையாளமாக விளங்குவது செயப்பாட்டு வினை. ‘மேற்படி மனு பரிசீலிக்கப்பட்டு, ஏற்க இயலாத நிலையில் தள்ளுபடி செய்யப்படுகிறது’ என்ற வாய்பாட்டில் அமைந்த கடிதத்தை வாசகர்கள் பலரும் கண்டிருப்பீர்கள். பரிசீலித்தவர் யார்? ஏற்க இயலாமைக்குக் காரணம் என்ன? இனி எங்கே போவது? மூன்றுக்கும் விடையில்லை. ‘உரிய நடவடிக்கை எடுக்கப்படும்’ என்பதில் எடுப்பவரும் இல்லை, எடுக்கும் நாளும் இல்லை. இது இலக்கணக் குறையன்று. பொறுப்பு மறையும் திரை. அதே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 7ஆம் பிரிவு, மனுவை மறுக்கும் அலுவலர் மறுப்பின் காரணத்தையும், மேல்முறையீட்டுக்கான காலவரம்பையும், மேல்முறையீட்டு அதிகாரி யார் என்பதையும் தெரிவித்தாக வேண்டும் என விதிக்கிறது. தெளிவான மொழி என்பது நடை அழகு பற்றிய பேச்சு அன்று, உரிமை பற்றியது என்பதை இவ்விதி காட்டுகிறது. முதியோர் ஓய்வூதிய மனு தள்ளுபடியானால் வரும் கடிதத்திற்கும் இதே மூன்றும் ஏன் கட்டாயமாகக் கூடாது? சுவீடன் 2009இல் இயற்றிய மொழிச் சட்டம் அரசின் மொழி செப்பமாகவும் எளிமையாகவும் விளங்கத்தக்கதாகவும் இருக்க வேண்டும் எனக் கட்டளையிட்டது. அமெரிக்காவில் 2010இல் எளிய எழுத்துச் சட்டம் வந்தது. நமக்கு ஆட்சிமொழிச் சட்டம் உண்டு, எளிமொழிச் சட்டம் இல்லை.

தெளிவின்மையின் விலையை ஜூஜுவாடி நேரில் கண்ட காலம் பெருந்தொற்றுக் காலம். 2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் கர்நாடகத்திலிருந்து வருவோரை இந்தச் சாவடியில்தான் நிறுத்தி இ-பாஸ் கேட்டனர். 2021 மே மாதம் இரண்டாம் அலையின்போது இ-பதிவு என்ற புதிய சொல் வந்தது. முன்னது விண்ணப்பித்து அதிகாரியின் இசைவுக்குக் காத்திருக்க வேண்டியது. பின்னது விவரங்களைப் பதிந்துவிட்டுப் புறப்படலாம் என்பது. நிர்வாகத்தின் கண்ணில் இவ்விரண்டுக்கும் வேறுபாடு மிகப் பெரிது. பயணியின் காதில் இரண்டும் ஒன்று. பெயர்களே வேறுபாட்டைச் சொல்லியிருக்க வேண்டும். ‘அனுமதி பெறுக’, ‘பதிந்துவிட்டுச் செல்க’ என்று எழுதியிருந்தால் படிக்காதவருக்கும் விளங்கியிருக்கும். ‘சமூக இடைவெளி’ என்ற தொடரும் அக்காலத்தது. தீண்டாமையை நூற்றாண்டுகளாகக் கண்ட சமூகத்தில் இச்சொல்லின் எதிரொலி என்னவென்று மொழிபெயர்த்தவர் எண்ணிப் பார்க்கவில்லை. உலக சுகாதார நிறுவனமே 2020 மார்ச்சில் உடல்சார்ந்த இடைவெளி என்ற வழக்குக்கு மாறியது.

அதே பருவத்தில்தான் முஸ்லிம்களாகிய நாம் மறக்கவியலாத சொல்லாட்சி நிகழ்வொன்றும் நடந்தது. 2020 மார்ச் இறுதியிலும் ஏப்ரல் தொடக்கத்திலும் தமிழக சுகாதாரத் துறையின் அன்றாட அறிவிப்புகள், நோய் கண்டவர்களுள் டெல்லி மாநாட்டிற்குச் சென்று வந்தவர்கள் எத்தனை பேர் எனத் தனியே எண்ணிச் சொல்லின. சொன்னது உண்மையான எண்ணாகவே இருக்கலாம். ஆனால் அறிவிப்பு என்பது எண் மட்டும் அன்று; பெயர் சூட்டலுமாகும். நாள்தோறும் மாலையில் தொலைக்காட்சியில் அது ஒலித்தபோது, நோய்க்கு ஒரு சமயத்தின் முகம் வரையப்பட்டது. காய்கறி விற்கும் முஸ்லிமிடம் வாங்கத் தயங்கியவர்களை நாடெங்கும் கண்டோம். நோய்களுக்கு இடங்களின், மனிதர்களின், குழுக்களின் பெயர்களைச் சூட்டலாகாது என உலக சுகாதார நிறுவனம் 2015 மே மாதமே நெறிமுறை வகுத்திருந்தது. பின்னர் ஏப்ரலில், எதிர்ப்புகளும் வேண்டுகோள்களும் எழுந்த நிலையில், தமிழக அரசு தன் அறிவிப்பில் அப்பெயரை நீக்கி, ‘ஒற்றை மூலம்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரை ஆளத் தொடங்கியது. சமயச் சாயம் பூச வேண்டாம் என அன்றைய முதலமைச்சரும் கேட்டுக்கொண்டார்.

இதனை இருவகையாக மதிப்பிடலாம். ‘ஒற்றை மூலம்’ என்பதும் மெல்லிய திரைதான். யாரைக் குறிக்கிறது என எல்லோருக்கும் தெரிந்திருந்தது. சிலர் அதனையே கிண்டலாக்கினர். ஆயினும் ஒரு மாநில அரசு சில நாட்களுக்குள் தன் சொல்லைத் திரும்பப் பெற்றுக்கொள்ள முடிந்தது என்பது சிறிய செய்தியன்று. அதைவிட நல்ல வழியும் இருந்தது: எந்தத் தொகுப்பையும் தனித்து எண்ணாமல், மாவட்டவாரி எண்ணிக்கையை மட்டும் சொல்லியிருக்கலாம். நோய்த்தொடர்பைத் தேடும் அலுவலருக்கு மூலம் தெரிய வேண்டும். மாலைச் செய்தி கேட்பவருக்கு அது வேண்டியதில்லை.

இங்கே நம் அறிவு மரபு ஓர் அளவுகோலைத் தருகிறது. பட்டப்பெயர் சூட்டி அழைப்பதைத் திருக்குர்ஆனின் 49ஆம் அத்தியாயம் தடுத்துள்ளது என்பதை எல்லோரும் அறிவர். ஆனால் ஹதீஸ் அறிவிப்பாளர் வரிசையில் அஃமஷ் என்ற பார்வை மங்கியவரும், அஃரஜ் என்ற கால் ஊனமுற்றவரும் அப்பெயர்களாலேயே பதிவாகியுள்ளனர். இது முரணாகாதா என மார்க்க அறிஞர்கள் விவாதித்தனர். இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் இதற்குத் தந்த தீர்வின் சாரம் இது: ஒருவரை அடையாளம் காட்டுவதற்கு அச்சொல் தேவையானால் ஆளலாம், இழிவுபடுத்தும் நோக்கில் ஆளலாகாது, வேறு சொல்லால் அடையாளம் காட்ட முடியுமானால் அதுவே மேல். ஏறத்தாழ 750 ஆண்டுகளுக்கு முன் சொல்லப்பட்ட இந்த மூன்று படிநிலைகளையும் இன்றைய அரசுச் சொற்களின் மீது வைத்துப் பார்க்கலாம்.

டெல்லி மாநாடு என்ற குறிப்பு முதற்படியிலேயே விழுகிறது. பொதுமக்களுக்கு அந்த அடையாளம் தேவையாக இல்லை. காவல் மற்றும் நீதிமன்ற ஆவணங்களில் குற்றம் சாட்டப்பட்டவரை ‘எதிரி’ எனக் குறிக்கும் வழக்கு மூன்றாம் படியில் விழுகிறது. வழக்கு முடியும் முன்பே ஒருவர் எதிரியானால், யாருக்கு எதிரி? அரசுக்கா, சமூகத்திற்கா? ‘குற்றம் சாட்டப்பட்டவர்’ என்ற நல்ல சொல் இருக்கும்போது இதற்குத் தேவை என்ன? ‘அவன்’ ‘அவர்’ ஆகவும், ‘நீ’ ‘நீங்கள்’ ஆகவும் மாறுவதற்குத் தமிழில் ஓர் ஈறு போதும். அந்த ஈற்றைச் சிக்கனப்படுத்தும் அலுவலகங்களில் மற்றவை தாராளமாகக் கிடைக்கும் என எதிர்பார்க்க இயலாது.

‘ஊனமுற்றோர்’ என்பதற்கு மாற்றாக 2010இல் அன்றைய முதல்வர் கலைஞர் மு. கருணாநிதி கொண்டுவந்த ‘மாற்றுத்திறனாளி’ இந்த அளவுகோலில் தேறுகிறது. எல்லோருக்கும் மாற்றாக ஒரு திறன் இருந்தே தீர வேண்டுமா என அச்சொல்லைக் குறை கூறுவோர் உண்டு. அவ்வினா பொருளற்றதன்று. எனினும் அச்சொல் தனியே வரவில்லை; துறையின் பெயரும் மாறியது; மக்களும் ஏற்றுக்கொண்டனர். 2015இல் பிரதமர் முன்வைத்த ‘திவ்யாங்’ என்ற சொல்லோ தெய்விகம் சேர்த்து உயர்த்த முனைந்து, உரிமை கேட்பவரை வணங்கத்தக்கவராக்கி ஒதுக்கியது. வணங்கப்படுபவருக்குச் சாய்தளம் கட்டித் தர வேண்டும் என யாருக்கும் தோன்றாது. அப்பாஸியர் கால உரைநடை மேதை ஜாஹிழ், கால் ஊனமுற்றோர், பார்வையற்றோர், தோல்நிறம் மாறியோர் ஆகியோரைப் பற்றித் தனி நூலே எழுதினார். அவர்களது பெயரை மறைக்கவுமில்லை, அவர்களைத் தெய்வமாக்கவுமில்லை. அவர்கள் செய்தவற்றைச் சொன்னார். ‘ஜாஹிழ்’ என்பதே பிதுங்கிய கண்களால் அவருக்கு வந்த பட்டப்பெயர் என்பதையும் சேர்த்து நினைக்கலாம்.

பெண்களைப் பற்றிய சொற்களில்தான் ஆட்சித் தமிழ் மிகவும் பின்தங்கியுள்ளது. ‘ஆதரவற்ற விதவை’, ‘கணவனால் கைவிடப்பட்ட பெண்’ என்பன ஓய்வூதியத் திட்டங்களின் பெயர்கள். இவற்றுள் இரண்டாவது, மணவிலக்குப் பெற்ற பெண்ணையும் தன்னுள் அடக்குகிறது. ஆனால் இஸ்லாமியச் சட்டத்தில் குல்உ என்பது பெண்ணே முன்வந்து மணவாழ்விலிருந்து விலகும் உரிமை. கொடுமைக்காரனை விட்டு விலகும் துணிவு கொண்ட பெண், ஓசூர் வட்டாட்சியர் அலுவலகத்திலோ வேறு எங்கோ ஓய்வூதியம் கேட்டுச் சென்றால், தன்னைக் ‘கைவிடப்பட்டவள்’ என அறிவித்துக் கையொப்பமிட வேண்டும். அவள் கைவிடப்படவில்லை, கைவிட்டாள். சொல் அவளது வரலாற்றைத் தலைகீழாக்குகிறது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் அமைப்புகள் தரும் குல்உச் சான்று செல்லாது, குடும்பநல நீதிமன்றத்தையே அணுக வேண்டும் என்றது. ஆக, நீதிமன்றம் வரை சென்று அவ்வுரிமையைப் பெற்று வரும் பெண்ணுக்கும் படிவம் வைத்திருக்கும் பெயர் அதே கைவிடப்பட்டவள்தான். ‘தனித்து வாழும் பெண்’ என்றெழுத எந்தச் சட்டத் திருத்தமும் வேண்டியதில்லை. 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்ட மகளிர் உதவித் திட்டத்திற்கு ‘உரிமைத் தொகை’ எனப் பெயர் வைத்த அதே அரசு எந்திரத்தால் இது இயலாததன்று. உதவி என்பதற்கும் உரிமை என்பதற்கும் உள்ள தொலைவை அப்பெயர் ஒரே சொல்லில் கடந்தது.

தந்தை அல்லது கணவர் பெயர் கேட்கும் கட்டம் பற்றியும் ஒரு சொல். நபி (ஸல்) அவர்களின் தோழர்களுள் பார்வையற்றவரும், பாங்கு சொல்பவரும், நபிகளார் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பை ஏற்றவருமான இப்னு உம்மி மக்தூம் (ரலி) தம் தாயின் பெயராலேயே வரலாற்றில் அறியப்படுகிறார். நமது படிவத்தில் அவருக்குக் கட்டம் இல்லை.

பெயர்களின் எழுத்துக்கூட்டு சிறிய செய்தி போலத் தோன்றும். முகம்மது, முஹம்மது, முகமது, மொஹம்மத் என ஒரே மனிதர் நான்கு ஆவணங்களில் நான்காகிறார். ரஹ்மான் ரகுமானாகிறார். உருது பேசும் பெண்ணின் பெயரிலுள்ள பீ, பேகம் ஆகியவை ஓரிடத்தில் சேர்ந்தும், ஓரிடத்தில் பிரிந்தும், ஓரிடத்தில் இல்லாமலும் வருகின்றன. ஆங்கிலத்தில் ஒரு முறையும் தமிழில் ஒரு முறையும் தட்டச்சு செய்யப்படும் பெயர், எல்லைக்கு அப்பால் கன்னடத்திலும் எழுதப்பட்டிருந்தால் குழப்பம் மும்மடங்கு. பிழை செய்தவர் கணினி முன் இருந்தவர். ஆனால் நால்வரும் ஒருவரே எனச் சான்று பெற்று வர வேண்டியவர் குடிமகன். 2025 நவம்பரில் தமிழகத்தில் தொடங்கிய வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தம் 2002–2005 காலப் பட்டியலோடு இன்றைய பெயரைப் பொருத்திக் காட்டக் கேட்டபோது, ஓர் ‘ஹ’கரத்தின் எடை என்னவென்று பலருக்கும் புரிந்தது. கிரந்த எழுத்து வேண்டுமா வேண்டாமா என்பது இலக்கியத்தில் விருப்பம் சார்ந்தது. ஆவணத்தில் அது தன் பெயரைத் தான் எழுதும் விதத்தில் எழுதிக்கொள்ளும் உரிமை சார்ந்தது. ஜூஜுவாடி என்ற ஊர்ப் பெயரே ஜகரமின்றி எழுதவியலாதது. தூய்மை கருதிச் சூசூவாடி என எழுதினால் ஊரார் வேறு ஏதோ ஊர் என்றெண்ணக் கூடும்.

சாதிச் சான்றிதழிலும் இதே சிக்கல். 2007இல் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வந்தது. பட்டியலில் அன்சார், தக்காணி முஸ்லிம்கள், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உள்ளிட்ட லெப்பைகள், மாப்பிள்ளா, ஷேக், சையத் என ஏழு பிரிவுகள் உண்டு. வீட்டில் உருது பேசும் ஓசூர்க் குடும்பத்திடம் ‘நீங்கள் எந்தப் பிரிவு?’ எனக் கேட்டால், ‘நாங்கள் முஸ்லிம்’ என்பதே பெரும்பாலும் விடை. அவர்கள் அறியாத பெயரில்தான் அவர்களது உரிமை எழுதப்பட்டுள்ளது. படிவத்தின் பின்பக்கம் ஏழு பெயர்களையும் எளிய விளக்கத்தோடு தமிழிலும் உருதுவிலும் அச்சிடுவது பெருஞ்செலவு பிடிக்கும் செயலன்று. ஜமாஅத்துகளும் இதனை அரசு செய்யட்டும் எனக் காத்திருக்க வேண்டியதில்லை. மஹல்லாப் பதிவேடுகளிலும் திருமணப் பதிவேடுகளிலும் பெயரைச் சீராக எழுதும் பழக்கம் நம்மிடமே குறைவு.

பெயர் மாற்றம் மட்டும் போதாது என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று. 2025 ஏப்ரலில் முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், ஒடுக்கப்பட்டோர் குடியிருப்புகளைச் சுட்டும் வசைச்சொல்லாகிவிட்ட ‘காலனி’ அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் எனச் சட்டப்பேரவையில் அறிவித்தார். நல்ல முடிவு. குடியிருப்பு என்ற பொதுப்பொருள் கொண்ட ஒரு சொல் எவ்வாறு வசையாயிற்று என்பதையும் எண்ண வேண்டும். அதனைச் சொன்ன வாய்களில் இருந்த இழிவு சொல்லில் படிந்தது. நாளை புதுச்சொல்லிலும் படியலாம். நவவீ (ரஹ்) அவர்களின் இரண்டாம் படி நோக்கத்தைப் பற்றியது என்பதை இங்கே மறக்கலாகாது.

புலம்பெயர் தொழிலாளரைப் பற்றிக் கூறாமல் ஓசூர்ப் பகுதியைப் பற்றிய பேச்சு நிறைவுறாது. கேரள அரசு அவர்களை ‘விருந்தினர் தொழிலாளர்’ எனப் பொருள்படும் மலையாளத் தொடரால் அழைக்கிறது. அது இனிய சொல்லே. ஆனால் விருந்தினர் என்றாவது வீடு திரும்ப வேண்டியவர் என்ற குறிப்பும் அதிலுண்டு. 2023 மார்ச்சில், வட மாநிலத் தொழிலாளர் தமிழகத்தில் தாக்கப்படுவதாகப் பொய்க் காணொளிகள் பரவியபோது, தமிழகக் காவல்துறை இந்தியிலும் விளக்கம் வெளியிட்டது. அச்சம் தணிய அது உதவியது. ஆட்சிமொழிக் கொள்கைக்கு அதனால் பங்கம் நேர்ந்ததாக எவரும் கூறவில்லை. அச்சத்தின்போது அவர்கள் மொழியில் பேச முடிந்த அரசு, தொழிற்சாலை விபத்துக்கான இழப்பீட்டுப் படிவத்திலும், மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சைக்கான இசைவுப் படிவத்திலும் அவ்வாறு பேசினால் என்ன? விளங்காத மொழியில் பெறப்படும் கையொப்பத்தை இசைவு எனக் கொள்ளலாமா என்பது மருத்துவர்களும் ஃபிக்ஹ் அறிஞர்களும் சேர்ந்து ஆராய வேண்டிய வினா. உடன்படிக்கையில் இருதரப்பும் பொருளறிந்திருப்பதை நம் சட்ட மரபு வலியுறுத்துவதை அவர்களுக்கு நினைவூட்ட வேண்டியதில்லை.

உமையாக்களின் இறுதிக் கலீஃபாவிடம் எழுத்தராக இருந்த அப்துல் ஹமீத் (இறப்பு: ஹிஜ்ரி 132) தம் துறையினருக்கு எழுதிய மடல் அரபு உரைநடையின் தொடக்கச் செல்வங்களுள் ஒன்று. எழுத்தர் குடிகளிடம் மென்மையாக இருக்க வேண்டும், செருக்கு கொள்ளலாகாது என அவர் அறிவுறுத்துகிறார். பின்வந்த இப்னு குதைபா (இறப்பு: 889) எழுத்தருக்காகவே ‘அதபுல் காதிப்’ எழுதினார். மொழிச் செப்பத்தையும் ஒழுக்கத்தையும் ‘அதப்’ என்ற ஒரே சொல்லால் குறித்த மரபு அது. நம் அரசுப் பணியாளர் தேர்வுகளில் தமிழ்த் தாள் உண்டு. அதில் செய்யுளும் இலக்கணமும் கேட்கப்படுகின்றன. மனு கொடுத்த கிழவிக்கு, அவள் மனு ஏன் ஏற்கப்படவில்லை என்பதை ஐந்து வரியில், அவளைக் குறைக்காமல், அவளுக்கு விளங்குமாறு எழுதுக என்ற வினாவும் அதில் இடம்பெறலாம். ஓசூரில் பணியேற்கவிருப்போரிடம் அக்கிழவியின் வீட்டுமொழி தெலுங்கு என்ற ஒரு குறிப்பையும் அவ்வினாவோடு சேர்க்கலாம்.